அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ரெட்மண்டில் இருக்கிறோம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். மேரிமூர் பூங்காவுக்குக் கூட்டிப்போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. "அங்கே வெறும் புல்தான்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் காரை நிறுத்தியவர்கள். பூங்கா 640 ஏக்கர். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், முட்டிவலிக்காரர் பாதி மைதானம் தாண்டுவதற்குள் உட்கார இடம் தேடுவார். எதற்குப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

பெரியவர்களோடு போவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். வெஸ்ட் லேக் சமாமிஷ் பார்க்வே பக்க நுழைவாயிலில் வாருங்கள். ஆற்றைத் தாண்டியதும் கிளைஸ் மாளிகை, 1904-இல் கட்டியது. பக்கத்திலேயே பழைய காற்றாலை. அதிகம் நடக்காமல் நிழலில் உட்கார ஏற்ற இடம் இதுதான். வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. நெடுங்காலமாக ஒரு டாலராக இருந்தது, இன்றைய தொகையை இயந்திரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் இசை நிகழ்ச்சி நடக்கும் மாலைகளில் காரில் போகவே வேண்டாம்.

அங்கிருந்து சமாமிஷ் ஏரியை நோக்கிப் போகும் ஆற்றோரப் பாதை அழகானது. ஆனால் அது நாய்களை வார் இல்லாமல் அவிழ்த்துவிடும் 40 ஏக்கர் பகுதி வழியாகப் போகிறது. தண்ணீரில் குதித்த நாய் வந்து மேலே உதறும், ஆசையாகத் தாவும். நாய் வளர்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம், அது அவற்றுக்கான இடம்தான். ஆனால் தெருநாய்க்குப் பயந்து பழகிய அம்மாவை முன்கூட்டிச் சொல்லாமல் அங்கே இறக்கிவிடாதீர்கள். கிழக்குப் புல்வெளிப் பக்கமாகப் போனாலும் பறவை பார்க்கும் மரப்பலகைப் பாதையை அடையலாம். நவம்பர் மழையில் அந்தப் பலகை வழுக்கும், செருப்பு உதவாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

ஆறு என்றதும் காவிரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். சமாமிஷ் ஆறு பூங்காவில்தான் ஏரியிலிருந்து புறப்படுகிறது. 1960-களில் வெள்ளத் தடுப்புக்காக ஆழப்படுத்தி நேராக்கிவிட்டதால் வாய்க்கால் மாதிரி மெதுவாக ஓடும். அதனால்தான் கோடையில் தண்ணீர் சூடேறி, சால்மன் மீன்கள் மேலேறத் திணறுகின்றன. மீனும் பறவையும் இருக்கும் இடத்தில் வாத்துக்கு மீந்த சோறு, சப்பாத்தி போடாதீர்கள். கூட்டம் பெருகி, குழந்தைகள் விளையாடும் புல் முழுக்க எச்சமாகிவிடும்.

சைக்கிள் என்றால் ஆற்றோரமாக வடக்கே பாத்தெல் ஊர் வரை சுமார் 10 மைல், தார்ப்பாதை, ஏற்றமே கிடையாது. வேக வரம்பு மணிக்கு 15 மைல். நாலு பேர் கைகோத்து அகலமாக நடக்காதீர்கள். பின்னால் மணி அடித்தாலோ "ஆன் யுவர் லெஃப்ட்" (உங்கள் இடப்பக்கமாகத் தாண்டுகிறேன்) என்று குரல் வந்தாலோ வலப்பக்கம் ஒதுங்குங்கள். அப்பா இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பார், மோதல் நடப்பது அப்படித்தான். கிரிக்கெட் மைதானமும் உண்டு. ஆட்டம் நடக்கும்போது எல்லைக்கோட்டை ஒட்டி ஸ்ட்ரோலரை நிறுத்தாதீர்கள், அங்கே பறக்கிறது கிரிக்கெட் பந்து.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. ஆறு மாதம் வந்திருக்கும் பெற்றோரை வாரம் முழுக்க அபார்ட்மெண்டில் பேரப்பிள்ளையோடு அடைத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே கூட்டிப்போகிறோம். வேலை நெருக்கடி புரிகிறது. ஆனால் இந்தப் பூங்காவுக்கு அவர்களே போய் வரலாம். டவுன்டவுன் ரெட்மண்டிலிருந்து ஆற்றோரப் பாதையில் தெற்கே நடந்தால் சாலையோரம் போகாமலே வந்துவிடலாம். நடக்க முடியாவிட்டால் 2025 மே மாதம் திறந்த ரயிலில் ஒரே நிறுத்தம், மேரிமூர் வில்லேஜ். ரயில், பேருந்துக் கட்டணத்துக்கான ஓர்க்கா கார்டு எடுத்துக் கொடுத்து, ஒருமுறை கூடப் போய் எப்படித் தட்டுவது என்று காட்டிவிடுங்கள்.

ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலரைக்குள் இருட்டிவிடும், பாதையில் விளக்கை நம்ப முடியாது. மூன்றரைக்கே திரும்பச் சொல்லுங்கள்.