அழகும் மேட்டிமையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் சபையில் எசேக்கியேல் 28-ஆம் அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தவர், பெண்பிள்ளைகள் கண்ணாடி முன் நிற்பதையும் நகை அணிவதையும் கடுமையாகக் கண்டித்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள் அன்றிரவே கம்மலைக் கழற்றி வைத்துவிட்டாள். “அழகாயிருப்பது பாவமாம்மா?” என்று கேட்கிறாள். வசனம் அதைத்தான் சொல்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

“உன் அழகினால் உன் இருதயம் மேட்டிமையாயிற்று, உன் மினுக்கினால் உன் ஞானத்தைக் கெடுத்தாய்” என்ற அந்தச் சொற்கள், இன்றைய லெபனான் கரையை ஒட்டிய தீவில் கடல் வணிகத்தால் கொழித்திருந்த தீரு பட்டணத்தின் அரசனை நோக்கி, பாபிலோனில் சிறையிருப்பில் இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னவை. சாத்தானின் வீழ்ச்சியாக இதை வாசிக்கும் மரபு 3-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் ஒரிஜென் காலத்திலேயே உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரபிலும் இது இளம்பெண்களுக்கான கண்டனமாக இருந்ததில்லை.

இது ஒரு புலம்பல் என்பதைக் கவனியுங்கள். “நீ ஞானத்தால் நிறைந்தவன், பூரண அழகுள்ளவன்” என்று 12-ஆம் வசனம் மனமாரப் புகழ்கிறது. அடுத்த வசனம் அடுக்கும் ஒன்பது இரத்தினங்களும், யாத்திராகமம் 28-இல் ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பதிக்கச் சொல்லப்பட்டவை. அந்த ஆசாரிய உடை “மகிமையும் அலங்காரமுமாயிருக்கும்” பொருட்டு நெய்யப்படவேண்டும் என்பது கடவுளின் கட்டளை. அலங்காரத்தைத் தாமே கேட்டு வாங்கியவர், அலங்காரத்தையே குற்றமாக எண்ணுவாரா?

அந்த உடையில் இரத்தாம்பர நூலும், அதாவது செவ்வூதா நிற நூலும், உண்டு. தீருவுக்குப் புகழ் தேடித்தந்த சாயமும் இரத்தாம்பரம்தான். அது கடல் நத்தைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1909-இல் ஒரு வேதியியலாளரால் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே எடுக்க முடிந்தது. சாயப்பட்டறைகளின் பெருக்கத்தால் தீரு வாழ்வதற்கு இனிமையற்ற ஊராயிருந்தது என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அரசன் தோளில் மினுங்கிய துணிக்குப் பின்னால் அழுகிய நத்தைகளும் அவற்றை உடைத்த கைகளும் இருந்தன. 27-ஆம் அதிகாரம் தீருவின் சந்தைச் சரக்குகளைச் சொல்லும்போது, வெண்கலப் பாத்திரங்களோடு மனிதர்களும் விற்கப்பட்டதைச் சொல்கிறது. 28:18 அந்த வியாபாரத்தின் அநீதியைப் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டுகிறது. இதையெல்லாம் காணாதபடி தன் மினுக்கையே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் ஞானத்தைக் கெடுத்தல் என்று நான் வாசிக்கிறேன்.

மேட்டிமையாயிற்று என்ற இடத்தில் எபிரேயத்தில் வரும் வினைக்கு உயர்ந்தது என்பதே நேர்ப்பொருள். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் மற்ற எல்லாரையும்விட உயரமாயிருந்தான் என்னும் இடத்திலும் இதே வினைதான் வருகிறது. உடல் உயர்ந்திருப்பதில் பழுதில்லை. இருதயம் பிறர் தலைக்குமேல் ஏறி நிற்பதே இங்கே குற்றம். தண்டனையும் அதற்கேற்றதாகவே வருகிறது: எல்லாரும் தன்னை அண்ணாந்து பார்க்கவேண்டுமென்று நின்றவன் தரையில் தள்ளப்பட்டு, மற்ற ராஜாக்கள் பார்க்கும் வேடிக்கையாகிறான்.

உங்கள் மகளோடு உட்கார்ந்து 27-ஆம் அதிகாரத்தை முதலில் வாசியுங்கள். அங்கே தீரு ஒரு கப்பல். சேனீரின் தேவதாருப் பலகைகள், லீபனோனின் கேதுருவில் செய்த பாய்மரம், பாசானின் கர்வாலியில் இழைத்த துடுப்புகள் என்று ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான், அது நடுக்கடலில் உடைவதை எசேக்கியேல் பாடுகிறார். அழகை வெறுத்தவரால் அந்தக் கப்பலை அப்படிக் கட்டியிருக்க முடியாது. கம்மலைப் போடுவதும் போடாததும் அவள் விருப்பம். இந்த வசனத்துக்குப் பயந்து கழற்றியிருந்தால், அந்தப் பயம் தேவையில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.