தொழில்துறைப் புள்ளிவிவரம் தேடுகிறீர்களா? குறியீட்டு எண்ணிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பேட்டரித் தயாரிப்புத் துறை பற்றி ஆய்வறிக்கை எழுதுகிறேன். இணையத்தில் தேடினால், சந்தை மதிப்பு என்று ஆளுக்கொரு தொகை சொல்லும் கட்டண அறிக்கைகளே வருகின்றன. நம்பகமான புள்ளிவிவரம் இலவசமாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் ‘பேட்டரி’ என்று தட்டித் தேடினால் கண்ணில் படாது. அரசுகள் திரட்டும் புள்ளிவிவரங்கள், ஒவ்வொரு தொழிலுக்கும் பொருளுக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்களின் கீழ்தான் இருக்கும். முதலில் அந்த எண்ணைப் பிடியுங்கள்.

தொழில்களுக்கான ஐ.நா. வகைப்பாடு ஐசிக். அதன் நான்காம் திருத்தத்தில் பேட்டரித் தயாரிப்பின் எண் 2720. உற்பத்தி, வேலைவாய்ப்பு, கூட்டு மதிப்பு (உற்பத்தி மதிப்பில் மூலப்பொருள் போன்ற செலவுகள் போக மிஞ்சுவது) ஆகியவற்றை இந்த வகைப்பாட்டின்படி, ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோவின் தொழில் புள்ளிவிவரத் தளத்திலும், அந்தந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பிலும் தேடலாம்.

ஏற்றுமதி, இறக்குமதிக்கு வேறு எண் வேண்டும். சுங்கத் துறைகள் சரக்குகளை வகைப்படுத்தும் பன்னாட்டு முறையான எச்.எஸ். முறையில் லித்தியம் அயான் பேட்டரி 850760. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். ஐ.நா.வின் வர்த்தகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேடில் இந்த எண்ணைக் கொடுத்தால், யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பது வந்துவிடும். இங்கேதான் கவனம் வேண்டும். லித்தியம் அயானுக்குத் தனி எண் வந்ததே 2012 திருத்தத்தில்தான். அதற்கு முன் அது ‘மற்றவை’ என்ற 850780-இல் கலந்திருந்தது. இது தெரியாமல் 2008 முதல் வரைபடம் போட்டால், ஒன்றுமே இல்லாத இடத்தில் வர்த்தகம் திடீரென முளைத்ததுபோல் காட்டும். இன்னொன்று, இறக்குமதி மதிப்பில் பொதுவாகக் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும். ஏற்றுமதி மதிப்பில் இருக்காது. ஒரே சரக்குக்கு இரு நாடுகள் இரு தொகை சொல்ல இதுவும் ஒரு காரணம். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சரி, லாப விகிதம்? அதற்குப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைதான் வழி. அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை என்றால், அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். மொத்த வருவாயோடு நிறுத்திவிடாமல், பிரிவுவாரிக் கணக்கு வரும் குறிப்பைத் தேடிப் படியுங்கள். பல பொருள்கள் செய்யும் நிறுவனத்தில் பேட்டரியின் பங்கு அங்கேதான் தெரியும்.

பணவீக்கம், பொருளாதார வளர்ச்சிக்கு உலக வங்கி, ஐ.எம்.எஃப். தளங்கள் போதும். ஐ.எம்.எஃப். பட்டியலின் கடைசி ஆண்டுகள் கணிப்புகள்; நடந்த கணக்காக எழுதிவிடாதீர்கள். பழைய தொகைகளும் திருத்தப்படும் என்பதால் பதிவிறக்கிய தேதியைக் குறித்துவையுங்கள்.

கட்டண அறிக்கைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் எண்ணியது தனி செல்லையா, முழுத் தொகுப்பையா, ஆலை விலையா, கடை விலையா என்று சொல்லாத அறிக்கையின் தொகையை மேற்கோள் காட்டுவது தவறு என்பதே என் கருத்து.

அப்புறம், அட்டவணையில் சில கட்டங்கள் வெறுமையாக இருக்கும். ஓரிரு நிறுவனங்களே உள்ள துறையில், அவற்றின் ரகசியம் காக்க அப்படி மறைப்பதுண்டு. அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளாமல் மேல்பிரிவுக்குப் போங்கள். 2720-க்கு அடுத்த மேல்பிரிவான 272 என்பதிலும் பேட்டரி மட்டும்தான் இருக்கிறது. எனவே மின்கருவித் தயாரிப்பு முழுவதையும் உள்ளடக்கிய 27-ஐ எடுத்து, அதை எடுத்த காரணத்தை அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.