ஒரு நட்புக்கு ஒரு ரோவா, இரண்டு ரோவா?

உங்கள் தளத்தின் டேட்டாபேஸில் யூசர் டேபிள் தயார், நண்பர்களை எப்படிச் சேமிப்பது, ஒரு ஜோடிக்கு ஒரு ரோ (டேபிளில் ஒரு வரிசை) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் நன்றாக அடி வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

பழைய மாணவர்களுக்காக ஒரு சின்னத் தளம் செய்தேன். ஒரே டேபிள்: அனுப்பியவர் ஐடி, பெறுபவர் ஐடி, ஸ்டேட்டஸ். இரண்டு ஐடியும் சேர்ந்து ப்ரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ரோவையும் தனித்துக் காட்டும் அடையாளம். ஒருநாள் 12-ஆம் யூசரும் 47-ஆம் யூசரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டார்கள். (12, 47), (47, 12) இரண்டும் டேட்டாபேஸுக்கு வேறு வேறு கீ. இருவரும் ஏற்றுக்கொண்டதும் பட்டியலில் ஒரே முகம் இரண்டு தடவை வந்தது. அதைக்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். பின்னால் ஒருவர் மற்றவரை நீக்கியபோது ஒரு ரோ மட்டும் அழிந்தது. "நீக்கிட்டேன், இன்னும் என் போட்டோவைப் பார்க்கிறாரே" என்று புகார் வந்தபோதுதான் உறைத்தது.

ரிக்வெஸ்ட்டுக்குத் திசை உண்டு, நட்புக்குக் கிடையாது. நான் இரண்டையும் ஒரே ரோவில் திணித்திருந்தேன். இப்போது ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்று, நட்புக்கு ஒன்று என இரண்டு டேபிள் வைக்கிறேன். நட்பு டேபிளில் சின்ன ஐடி எப்போதும் முதலில், பெரிய ஐடி அடுத்து. "முதலாவது இரண்டாவதைவிடச் சிறியது" என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் (டேட்டாபேஸே சரிபார்க்கும் விதி). தனக்குத் தானே நண்பராவதும் இதிலேயே அடிபட்டுப் போகும். உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் வெர்ஷனைப் பாருங்கள்: 8.0.16-க்கு முன்பு செக் எழுதினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் கண்டுகொள்ளாது.

ரிக்வெஸ்ட்டை ஏற்கும்போது, எல்லாம் நடக்கும் இல்லையேல் எதுவுமே நடக்காது என்று உறுதி தரும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இரு திசை ரிக்வெஸ்ட்டையும் அழித்துவிட்டு நட்பைச் சேருங்கள். பட்டியல் எடுக்கும்போது ஐடியை இரண்டு பக்கமும் தேட வேண்டும், அதனால் இரண்டாவது ஐடிக்குத் தனி இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) அவசியம். ஒரே தேடலில் ஆர் (OR) போடுவதைவிட, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு செலக்ட் எழுதி அவற்றை யூனியன் ஆல் (UNION ALL) கொண்டு சேர்ப்பது என் வழக்கம்.

சரி, ஒவ்வொரு நட்பையும் (12, 47), (47, 12) என இருபுறமும் வேண்டுமென்றே எழுதும் இரண்டு ரோ முறை? தப்பே இல்லை. பட்டியல் எடுப்பதும் பொது நண்பர்களைத் தேடுவதும் மிக எளிது. 50,000 பேருக்குச் சராசரி 200 நண்பர்கள் என்றாலும் 1 கோடி ரோதான். ஆனால் எழுதும்போதும் அழிக்கும்போதும் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஃபேஸ்புக் தன் தரவைச் சேமிக்கும் அமைப்பான டாவோ (TAO) இப்படித்தான் இருபுறமும் எழுதுகிறது. இரண்டு ரோவும் வெவ்வேறு சர்வரில் இருக்கலாம் என்பதால் ஒன்று பதிவாகி மற்றது விடுபட வாய்ப்புண்டு, அதைப் பின்னணியில் ஒரு வேலை சரிசெய்யும் என்று அவர்களே 2013 கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தளத்துக்கு ஒரு ரோவே போதும் என்பேன்.

பிளாக் செய்வதை மட்டும் ஸ்டேட்டஸில் சேர்க்காதீர்கள். அதற்குத் திசை உண்டு, நண்பர் அல்லாதவரையும் பிளாக் செய்வார்கள். தனி டேபிள் போடுங்கள்.

ஏற்கெனவே டேட்டா இருந்தால், டேபிளை அதனோடே ஜாயின் செய்து தலைகீழ் ஜோடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு வந்த பட்டியல் ஒரு திரையில் அடங்கவில்லை.