பீட்டில்ஸ் இன்னொரு ஆல்பம் போட்டிருந்தால்: என் 14 பாட்டு

கேள்வி: பிரிந்துபோன ராக் குழு ஒன்றின் உறுப்பினர்கள் தனித்தனியாகப் போட்ட பாட்டுகளைச் சேர்த்து, வராமலே போன ஆல்பத்தைத் தொகுக்கச் சொன்னால் எதையெல்லாம் எடுப்பீர்கள்?

எனக்கு பீட்டில்ஸ்தான். இந்த ஆல்பத்துக்கு அவர்களே பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். 1969 செப்டம்பரில் லண்டனில் அவர்களுடைய சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலகத்தில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் பேசியதை, மருத்துவமனையில் இருந்த நாலாவது உறுப்பினர், டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ கேட்பதற்காக டேப்பில் பதிவு செய்தார்கள். மூன்று பேருக்கும் ஆளுக்கு நாலு பாட்டு, ரிங்கோ விரும்பினால் அவருக்கு இரண்டு என்கிறார் லெனன். ஆக 14. அந்த ஆல்பம் நடக்கவில்லை. ஆனால் 1970 முடிவதற்குள் தனித்தனியாக அவர்கள் பதிவு செய்ததிலிருந்தே அந்த 14-ஐயும் எடுத்துவிடலாம்.

முதல் பாட்டு லெனனின் 'இன்ஸ்டன்ட் கர்மா'. 1970 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் எழுதி, பதிவு செய்து முடித்தது. கிட்டார் வாசித்தவர் ஹாரிசன். லெனனின் மற்ற மூன்றும் 'ஐசலேஷன்', 'லுக் அட் மீ', 'லவ்'. அவர் அந்த வருடம் எழுதியதிலேயே பெரிய பாட்டு 'காட்'தான். அதில் பீட்டில்ஸ் மேலேயே நம்பிக்கை இல்லை என்று பாடிவிடுகிறார். அதை பீட்டில்ஸ் ஆல்பத்தில் எப்படி வைப்பது?

மெக்கார்ட்னிக்கு 'மேபி ஐம் அமேஸ்டு', 'எவ்ரி நைட்', 'ஜங்க்', 'அனதர் டே'. முதல் மூன்றிலும் டிரம்ஸ் உட்பட எல்லாமே அவர் வாசித்ததுதான். மற்றவர்களின் பாட்டுகளுக்கு நடுவே வரும்போது அந்தத் தனிமை நன்றாகவே காதில் விழுகிறது.

மனசு கேட்காத இடம் ஹாரிசன். பீட்டில்ஸின் 'ஒயிட் ஆல்ப'த்தின் 30 பாட்டில் அவருக்குக் கிடைத்தது 4, 'ஆபி ரோ'டில் 2. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டை 1969 ஜனவரியிலேயே குழுவோடு வாசித்துப் பார்த்தார். ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. இப்படித் தேங்கிக் கிடந்ததெல்லாம் சேர்ந்துதான் 1970 நவம்பரில் அவருடைய தனி ஆல்பமாக, மூன்று இசைத்தட்டுகளில் வந்தது. லெனன் சொன்ன கணக்கு நியாயமாகத் தெரிந்தாலும் ஹாரிசனுக்கு அது போதவே போதாது. குழு தொடர்ந்திருந்தால் அந்தப் பாட்டுகளில் பாதி இன்னும் சில வருடம் பெட்டியிலேயே கிடந்திருக்கும் என்பது என் எண்ணம். 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டைக்கூட நான் விட வேண்டியதாயிற்று. எடுத்தது 'பிவேர் ஆஃப் டார்க்னஸ்', 'வாட் இஸ் லைஃப்', 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்', அப்புறம் ஏழு நிமிடம் ஓடும் 'இஸன்ட் இட் எ பிட்டி'.

இந்த ஏழு நிமிடப் பாட்டை 'ஐசலேஷ'னுக்கு அடுத்து வைத்துக் கேளுங்கள். லெனன் பியானோவை அழுத்தி வாசித்துக்கொண்டே தன் பயத்தைப் பாடி முடிக்கிறார். ஹாரிசன் மெதுவாக ஆரம்பித்து, மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நோகடிக்கிறோம் என்று வருத்தப்படுகிறார். இரண்டிலும் டிரம்ஸ் ரிங்கோ, பேஸ் கிட்டார் கிளாஸ் ஃபூர்மன். வேறு வேறு ஆல்பத்திலிருந்து வந்த பாட்டுகள் என்றே தோன்றாது.

மொத்தம் கிட்டத்தட்ட 49 நிமிடம் வருகிறது. 'ஆபி ரோடு' 47 நிமிடம் என்பதால் ஒரே இசைத்தட்டில் தாராளமாக அடங்கும். முதல் பக்கத்தை 'ஜங்க்' முடிக்கும், இரண்டாவதை 'வாட் இஸ் லைஃப்' துவக்கும்.

ரிங்கோவுக்கு ஒன்று 'இட் டோன்ட் கம் ஈசி'. இன்னொன்று அதே சிங்கிளின் மறுபக்கத்தில் வந்த 'எர்லி 1970'. மூன்று நண்பர்களுக்கும் ஆளுக்கொரு சரணம். பண்ணையில் இருப்பவர் ஊருக்கு வந்தால் என்னோடு வாசிப்பாரா என்று மெக்கார்ட்னியைப் பற்றிக் கேட்கிறார். லெனன், ஹாரிசன் இருவரைப் பற்றியும் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில், ஊருக்குப் போனால் மூன்று பேரையும் பார்க்க வேண்டும் என்கிறார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இதுதான். மற்ற 13-இல் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.