ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜைக் கழுவ வேண்டுமா?

கேள்வி: ஐயா, காட்பாடியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். எங்கள் இங்க்ஜெட் பிரிண்டரில், மை துளியாக வெளிவரும் நாசிலும் செம்பு நிறத் தகடும் கார்ட்ரிட்ஜிலேயே சேர்ந்திருக்கும். கருப்பு கார்ட்ரிட்ஜுக்குச் சிரிஞ்சால் நானே மை ஏற்றுகிறேன். சில முறை நன்றாக ஓடியது. இப்போது மை ஏற்றிய அன்றே பக்கத்தின் மேற்பாதி கருப்பாகவும் கீழ்ப்பாதி வெளிறியும் வருகிறது. சற்று நேரம் விட்டால் மறுபடி தெளிவாக அடிக்கிறது. நாசிலைப் பிரிண்டரே சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் பலமுறை கொடுத்தும் பயனில்லை. கார்ட்ரிட்ஜைக் கழுவச் சொல்கிறார் மை விற்கும் கடைக்காரர். மை நிறைந்திருக்கும்போது எதற்காகக் கழுவ வேண்டும்?
– வாசகி, காட்பாடி

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. நாசில் அடைத்திருந்தால் முதல் வரியிலிருந்தே வெள்ளைக் கோடு விழும். தொடக்கத்தில் கருப்பாக வந்து, போகப்போக வெளிறி, ஓய்வுக்குப் பின் தெளிகிறது என்றால், நாசில் திறந்தே இருக்கிறது. அதற்கு வர வேண்டிய மைதான் வேண்டிய வேகத்தில் இறங்கவில்லை.

கார்ட்ரிட்ஜுக்குள் மை தளும்பிக்கொண்டிருப்பதில்லை. ஒரு ஸ்பாஞ்சில் ஊறியிருக்கிறது. அதன் நுண்துளைகள்தான் மையைப் பிடித்துவைத்து, நாசில் வழியே தானாகச் சொட்டாமல் காக்கின்றன. அச்சிடும்போது மை இறங்கிவர வேண்டிய வழியும் அவையே. மையில் பெரும்பகுதி நீர் என்பதால், கார்ட்ரிட்ஜ் தீர்ந்து காத்திருக்கும் நேரத்தில் நீர் ஆவியாகி, நிறப்பொருள் துளைகளில் கெட்டியாகப் படிகிறது. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கத்திரி வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும். அடுத்து ஏற்றும் மை இந்தப் படிவின்மேல்தான் போய் நிற்கிறது. கசடேறிய திரி, விளக்கில் எண்ணெய் இருந்தும் மங்கி எரிவதைப் போன்ற நிலை இது. வேறு வேறு வகை மைகளைக் கலந்து ஏற்றியிருந்தால், அவை ஒன்றோடொன்று சேராமல் திரிந்து படிவை இன்னும் தடிமனாக்கும்.

இந்த நிலையில் ஹெட் கிளீனிங் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். இவ்வகை நாசிலில் நுண்ணிய சூடேற்றிகள் மையைக் கொதிக்கவைத்துத் துளியாகத் தள்ளுகின்றன. அவற்றைக் குளிர்விப்பதும் அந்த மையே. மை வராமல் வேலை செய்தால் அவை கருகும், கருகியதை எந்தக் கழுவலும் மீட்காது.

கழுவுவதற்கு முன் மேல் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். அதன் அடியில் புழுப்போல வளைந்த மெல்லிய பள்ளங்கள் தெரியும். காற்று உள்ளே போகும் வழி அதுதான். மை ஏற்றிய துளையை மூடுகிறோம் என்று செல்லோடேப்பால் பள்ளத்தையும் சேர்த்து அடைத்துவிட்டால், இதே அடையாளத்தோடுதான் அச்சு மங்கும். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அது சரியாக இருந்தால் கழுவுங்கள். கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரை மை ஏற்றும் துளை வழியாக மெதுவாகச் செலுத்தி, நாசிலை மடித்த டிஷ்யூ காகிதத்தின்மேல் வைத்தால் கருஞ்சாறு ஊறி இறங்கும். காகிதத்தில் நிறம் வெளிறும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கொதிநீர் வேண்டாம், பசை விட்டுவிடும். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் மூன்று அறைகளுக்கும் தனித்தனிச் சிரிஞ்சு தேவை.

எந்த நீர் என்பதில் கவனம் வேண்டும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெண்மையாகப் படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ஸ்பாஞ்சிலும் தங்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆசிட் கலந்ததை வாங்கிவிடாதீர்கள்.

பிறகு நிழலில், ஈரம் முழுதும் போகும்வரை காயவிடுங்கள். நீர் தங்கினால் முதல் பக்கங்கள் சாம்பல் நிறமாக வரும். செம்புத் தகட்டை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, மையை மிக மெதுவாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் காற்றுக் குமிழி சிக்கி, கழுவியும் பயனில்லாமல் போகும்.

கேள்வி: இங்க் டேங்க் பிரிண்டருக்கும் இது தேவையா?
– வாசகர், ஆற்காடு

பதில்: தேவையில்லை. அதில் மை தொட்டியிலிருந்து குழாய் வழியாக வருகிறது. கழட்டிக் கழுவ வேண்டிய கார்ட்ரிட்ஜ் ஸ்பாஞ்ச் கிடையாது. கோடைக்காலத்தில் சில நாளுக்கு ஒருமுறையாவது ஒரு பக்கம் அச்சிட்டு வாருங்கள்.