ஸ்டுட்கார்ட் வரப்போற தம்பிக்கு

பெருந்துறைத் தம்பி, அடுத்த மாசம் பிசினஸ் அனலிஸ்ட்டா ஸ்டுட்கார்ட் வர்றீங்க. வாடகை, அரிசி, குளிரு, அப்புறம் ஜெர்மன் க்ளையன்ட்கிட்ட ரிக்வயர்மென்ட், அதாவது சாஃப்ட்வேர்ல என்னென்ன வேணும்னு, கேட்டு வாங்கறது எப்படின்னு கேட்டிருக்கீங்க. அரிசி கெடைக்கும். ஜாக்கெட் இங்க வந்து வாங்குங்க. வாடகையப் பேசினா எனக்கு வயிறெரியும், விடுங்க. கடைசிக் கேள்விக்கு வர்றேன்.

நம்மூர்ல மூஞ்சிக்கு நேரா முடியாதுங்க மாட்டோம். "பாத்துக்கலாங்க"ன்னுட்டுக் கெளம்பிருவோம், கேட்டவருக்கும் புரிஞ்சிரும். இங்க புரியாது. நான் வந்த புதுசுல எங்க டீம் லீடு, கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிட்டு ஊருக்கு ஃப்ளைட் ஏறிட்டாரு. அத்தனையும் மீட்டிங் குறிப்புல ஏறிருச்சு. டெலிவரியன்னைக்கு வரிவரியாக் கேட்டாங்க, பதில் சொல்ல நின்னது நான்.

என்ன வேணும்னு அவங்க எழுதறது லாஸ்டன்ஹெஃப்ட். எப்படிச் செய்வோம்னு நாம எழுதறது ஃப்ளிஷ்டன்ஹெஃப்ட். ரெண்டாவதுல முடியாததை முடியாதுன்னே எழுதுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

யாரு எத்தனை நேரத்துல வேலைய முடிச்சாங்கன்னு காட்டற ரிப்போர்ட் ஒண்ணு மேனேஜர் கேப்பாரு. உடனே எழுதிக்காதீங்க. ஊழியரைக் கண்காணிக்கற மாதிரி சாஃப்ட்வேர்னா பெட்ரீப்ஸ்ராட், அதாவது ஊழியருங்க ஓட்டுப்போட்டு வெச்ச குழு, ஒத்துக்கணும். அந்தக் குழுவுக்கான ஜெர்மன் சட்டத்துல 87ஆம் பிரிவு இது. அவங்ககிட்ட கடைசில போயி நின்னா மொத்த ப்ராஜெக்ட்டும் நிக்கும்.

ஹோஃப்ஸ்டீட்னு ஒரு டச்சுக்காரர் ஐபிஎம் ஊழியர்கிட்ட எடுத்த சர்வேல, மேலிடத்துக்கு அடங்கிப்போறதுல இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. ஒரு கம்பெனி ஆளுங்கள வெச்சு நாட்டையே அளக்கறது எனக்கு ஒப்பாது. ஆனா டைரக்டர் பேசிட்டிருக்கறப்பவே மெஷின் ஓட்டறவரு "அப்படியில்ல"ம்பாரு, டைரக்டரும் கேட்டுக்குவாரு. இதைத் திமிருன்னு சொல்ற நம்மாளுங்க இங்கயே வருசக்கணக்கா இருக்காங்க. அவங்க பிரியாணிக்குக் கூப்பிட்டா சாப்பிட்டு வந்துருங்க, பேச்சு வேண்டாம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுனப்ப இப்படியா? முதலாளி சொல்லச்சொல்ல, கட்டிங் மாஸ்டர் கையக் கட்டிட்டு நின்னாரு. முதலாளி வண்டியெடுத்ததும் என்னை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி, சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க்கறை புடிச்ச சின்ன நோட்டை எடுத்தாரு. ரோல் வாரியா எத்தனை கிலோ துணி, எத்தனை பீஸ் தேறுச்சு, எவ்வளவு வேஸ்ட்டு, எந்த டையிங்லருந்து வந்தது எல்லாமே அதுல இருந்துச்சு. முதலாளி சொன்னதுல பாதி அதுல இல்லவே இல்லை. நோட்டைப் பாத்துத்தான் சாஃப்ட்வேர் எழுதினேன். ஓட்டிப் பாத்துட்டு முதலாளி, "நாஞ் சொன்ன மாதிரியே பண்ணிட்டீங்க"ன்னாரு. மாஸ்டர் பின்னாடி நின்னு ஆமாங்கன்னாரு.