ஒஸ்லோவில் டிசம்பர் வந்தாலே காலையில் எழவே மனமில்லை. ஒளிச் சிகிச்சைக்கான பிரகாசமான விளக்கு உதவுமா?

பலருக்கு உதவும், பயன்படுத்தும் நேரம் சரியாக இருந்தால். டிசம்பர் 21 வாக்கில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. சூரியன் உதிக்கவே ஒன்பது மணி தாண்டிவிடும். விடிந்ததை உணர்த்தும் வெளிச்சம் கண்ணுக்கு எட்டாததால் உடற்கடிகாரம் பின்தங்குகிறது. அலாரம் அடிக்கும்போதும் உடம்புக்கு நடுராத்திரிதான்.

10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டும் விளக்கு வாங்குங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் போதும். உற்றுப் பார்க்க வேண்டாம். முகத்தில் ஒளி படும்படி வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தைக் கவனியுங்கள்: தூரம் இரட்டித்தால் ஒளி ஏறக்குறைய கால்பங்காகிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மாலையில் போட்டால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

விழித்திரை நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். வைட்டமின் டி இதில் கிடைக்காது, அது தனிக் கணக்கு.

மதிய இடைவேளையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள். மேகம் மூடியிருந்தாலும் அறை விளக்கைவிட அங்கே வெளிச்சம் பலமடங்கு. பனி உறைந்திருந்தால் வழுக்காமலிருக்க சப்பாத்துக்கு ஆணிப்பட்டி மாட்டுங்கள். இரண்டு வாரமாகியும் சோர்வு விடவில்லையென்றால் குடும்ப மருத்துவரிடம் போங்கள்.